பூசை நாளில் பிடுங்கிய பிளக்

பெருமாநல்லூரில் திருமூர்த்தியின் பனியன் கம்பெனிக்குள் போனால் அபிராமியைத் தேட வேண்டியதே இல்லை. "அம்மிணி, கம்ப்யூட்டர் நின்னுபோச்சுங்க" என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் குரல் போகிற பக்கம் அவள் இருப்பாள். அப்பாவும் அம்மாவும் விளாத்திகுளத்திலிருந்து தையல் வேலைக்கு வந்தவர்கள். இவள் லேபிள் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்து, இன்று நிட்டிங், தையல், பேக்கிங் என மூன்று பிரிவு சர்வர்களையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிறாள். அதுவும் ஒரே ஒரு கறுப்புத் திரையில்!

அதற்கு டீமக்ஸ் என்று ஒரு சங்கதி வைத்திருக்கிறாள். டெர்மினல் எனும் அந்தக் கறுப்புத் திரையைத் தடுப்புப் போட்டு அறை அறையாகப் பிரித்துக்கொள்வாள். அறைக்கு ஒரு பிரிவின் வேலை ஓடும். அந்த அறைகள் இருப்பது அவள் மேசையில் அல்ல, பின்கட்டு சர்வரில். மேசைக் கம்ப்யூட்டர் அணைந்தாலும் அங்கே வேலை நிற்காது. வேறு எங்கிருந்தாவது உள்ளே போய், விட்ட இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். முன்பொரு நாள் கரண்ட் போய்ப் பாதி வேலை பாழானபோது பாத்ரூமில் போய் அழுதவள், அதற்கப்புறம் தேடிக் கற்றது இது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனை அடுப்பையே கழற்றிப் பார்த்துவிட்டு வந்தது!

ஆயுதபூசையன்று காலையில் பேக்கிங் சர்வர் மக்கர் செய்து, பெட்டி லேபிள் விவரமெல்லாம் அழிந்துவிட்டது. மறுநாள் கன்டெய்னர் கிளம்ப வேண்டும். பேக்கப்பிலிருந்து எடுக்கும் வேலையை அபிராமி ஓடவிட்டாள். நடுவில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்புறம் சரக்கு போய்க் கப்பலைப் பிடிக்காது.

"சர்வர் பாட்டுக்கு ஓடட்டும் அம்மிணி. ஓடறதுக்கே பொட்டு வெச்சுக்கலாம்" என்றார் திருமூர்த்தி.

அவள் கை கழுவிவிட்டு வருவதற்குள், ஆபீஸைக் கூட்டித் துடைக்கும் தெய்வாத்தாள் அவள் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி, பளபளவென்று துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். திருமூர்த்தி இருண்ட திரையைப் பார்த்தார்.

"அய்யோ, போச்சு! யாரு புடுங்குனது?"

"பூசைக்குத் தொடைக்கோணும்னுதானுங்க சாமி..."

"ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யத் தெரியாதா? நாளையிலிருந்து நீ வரவே வேண்டாம்!"

ஆபீஸ் முழுக்க அது கேட்டது. தெய்வாத்தாள் துணியும் கையுமாக அழுதாள். அபிராமிக்குச் சுருக்கென்றது.

"மொதலாளி, ஒண்ணும் போகல. நான் எட்டிப் பாக்குற ஜன்னலத்தான் அக்கா சாத்தியிருக்காங்க. வேலை உள்ள ஓடிக்கிட்டிருக்கு."

"சும்மா வக்காலத்து வாங்காத."

காட்டலாம். எதில் காட்டுவது? பொட்டு வைத்த எதையும் மறுநாள் பூசை வரை தொடக்கூடாது என்பது அந்தக் கம்பெனி வழக்கம். செல்போன்கள்கூடச் சாமி முன்னால் தட்டில் இருந்தன. அதோடு, காலை அவசரத்தில் அந்த வேலையை அறைக்குள்தான் ஓடவிட்டோமா என்ற சந்தேகமும் அவளுக்கு வந்தது.

அப்போது வாட்ச்மேன் ராக்கையா வந்து முறையிட்டார். "ஏன் மொதலாளி, நம்ம வாசல் கேட்டு கம்ப்யூட்டருக்கு மட்டும் பொட்டு கிடையாதா? என்ன ஓரவஞ்சன இது!"

பொட்டு வைக்காத ஒன்று! அபிராமி கேட்டுக்கு ஓடினாள். பின்னாலேயே எல்லோரும் ஓடினார்கள். கேட்டில் அந்தக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சர்வருக்குள் நுழைந்து, ஒரு வரி தட்டினாள். மூன்று அறைகளும் அப்படியே திறந்தன. பேக்கிங் அறையில் வரிகள் சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தன. என்ன கெட்டிக்காரி!

திருமூர்த்திக்கு மூச்சு வந்தது. ஆனால் கூட்டத்தின் கடைசியில் நின்ற தெய்வாத்தாளை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, இங்க வாங்க. இந்த பிளக்கையும் புடுங்குங்க" என்றாள் அபிராமி.

"அம்மிணி!" என்று அலறினார் திருமூர்த்தி.

"நீங்க புடுங்குங்கக்கா."

தெய்வாத்தாள் பிடுங்கினாள். திரை இருண்டது. மறுபடி சொருகச் சொன்னாள் அபிராமி. கம்ப்யூட்டர் எழுந்து வந்தது. அவள் சர்வருக்குள் போனபோது, விட்ட இடத்தையும் தாண்டி வேலை வெகுதூரம் ஓடியிருந்தது.

திருமூர்த்தி சந்தனக் கிண்ணத்தை வரவழைத்துத் தெய்வாத்தாளிடம் நீட்டினார்.

"நான் பேசுனது தப்புங்க. நாளைக்கு எப்பவும்போல வந்துருங்க. இதுக்கும் நீங்களே பொட்டு வெச்சு உடுங்க."

தெய்வாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை வாங்கினாள். அவரைப் பார்க்காமல் அபிராமியிடம் திரும்பினாள்.

"கேட்டுட்டுத்தான் செய்யோணும். இப்ப வெக்கலாமாங்க அம்மிணி?"