பிரித்தால் பொருள் உங்களுடையது

விளையாட்டுச் சாமான் கடையில் நிற்கிறவனுக்கு விளையாட்டுத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "தொடாதீங்க" என்று நாள் முழுவதும் சொல்லியும் அடி வாங்காமல் வீடு போய்ச் சேரத் தெரிந்தால் போதும்.

மட்டக்களப்பு நகரத்தில் அப்படியான ஒரு கடையில் சில வருடங்கள் விற்பனையாளனாக நின்றவன் நான். எங்கள் முதலாளி சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தார்: 'உறையைப் பிரித்தால் பொருள் உங்களுடையது.' கிரிக்கெட் பெட், றக்கெட், சப்பாத்து எல்லாமே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும், இல்லாவிட்டால் டேப் சுற்றிய பெட்டிக்குள் இருக்கும். பிரித்ததைக் கொழும்பு இறக்குமதிக்காரர் திருப்பி எடுக்க மாட்டார் என்பது முதலாளியின் நியாயம். மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். புடவைக் கடையில் சேலையை விரித்துப் போட்டுக் காட்டுகிறார்கள். கையில் பிடித்து வீச வேண்டிய சாமானை மட்டும் கண்ணால் பார்த்து வாங்கு என்றால் எப்படி? கவுண்டருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நின்று வயிறெரிந்தவர்கள் நீங்களும் இருப்பீர்கள். கேளுங்கள்.

உறைக்குள் ஒரு பெட்

சிவநேசன் அண்ணன் குருக்கள்மடத்துக்காரர். வாவியில் மீன் பிடிக்கிறவர், ஊர் மென்பந்து கிரிக்கெட் அணிக்குக் கப்டன். ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி என்று சொல்லிக்கொண்டு புதிய பெட் வாங்க வந்தார். ஒன்றைத் தூக்கினார். உறை வழுக்கியது. "இதக் கழட்டி ஒருக்கா வீசிப் பாக்கட்டா தம்பி?" என்றார். ஏலாது என்றேன். "பந்த மெல்லமாத் தட்டிப் பாத்தா?" அதுவும் ஏலாது என்றேன். "தோணிக்குத் துடுப்பு வாங்கினாலும் தண்ணிக்குள்ள ஒருக்கா வலிச்சுப் பாத்துத்தான்கா வாங்குறநாங்க" என்று முணுமுணுத்தபடி வாங்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை கடை திறக்க முதல் வாசலில் நின்றார். ஒரு கையில் பெட், மற்றக் கையில் அதன் பிடி. நல்லாய் அடித்துக்கொண்டிருந்தவர், ஒரு பந்தை ஓங்கி வீசியபோது பெட் பறந்து போய் நடுவர் காலடியில் விழுந்ததாம். பிடி மட்டும் கையில் நின்றதாம். அந்தப் பந்திலேயே ஆளும் அவுட். கோப்பை பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. முதலாளி உள்ளே பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கையை மட்டும் ஆட்டினார். அவருடைய வாயாகவும் நான்தானே சம்பளம் வாங்கினேன்? "பிரிச்ச சாமான் திருப்பி எடுக்கிறல்ல அண்ணன்" என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சிவநேசன் அண்ணன் சத்தம் போடவில்லை. பெட்டையும் பிடியையும் கவுண்டரில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப உறையோடயே விளையாடியிருக்க வேணுமா தம்பி?"

ஊதிப் பார்க்காத விசில்

விசில்கூட சின்ன உறைக்குள் அடைத்துத்தான் வரும். ஊதிப் பார்க்கவே கூடாது. அதற்குச் சுகாதாரம் என்று தனியாக ஒரு காரணம் வேறு. ஒரு வலைப்பந்து டீச்சர் பாடசாலைப் போட்டிக்கென்று வாங்கிக்கொண்டு போனார். அடுத்த கிழமை வந்து கவுண்டருக்கு முன்னால் நின்று, அதை வாயில் வைத்துக் கன்னம் புடைக்க என் முகத்துக்கு நேரே ஊதினார். காற்று வந்தது. சத்தம் வரவில்லை. "கேட்டுதா?" என்றார். இல்லை டீச்சர் என்றேன்.

"ஓம், அங்கயும் ஒருத்தருக்கும் கேக்கல்ல."

இடக்கைக்காரருக்கு வந்த பெட்டி

டெரன்ஸ் ஐயா நகரத்துப் பறங்கியர், ஐரோப்பிய வழி வந்த குடும்பம். இளமையிலேயே அவுஸ்திரேலியாவுக்குப் போய், ஓய்வு பெற்றபின் மனைவி மோனிக்கா அம்மாவோடு ஊரோடு வந்துவிட்டார். வந்த இடத்தில் அவருக்கு இருந்த ஒரே குறை கோல்ஃப். பழைய தடிகளை அங்கேயே யாருக்கோ கொடுத்துவிட்டு வந்திருந்தார். "மைதானம் எங்க ஐயா இருக்கு இங்க?" என்று கேட்டேன். கொக்கட்டிச்சோலைப் பக்கம் அவருடைய கூட்டாளிக்கு வயல் இருக்கிறதாம். அறுவடை முடிந்தால் அந்த வயல் வட்டை முழுக்க வெறும் வெளிதானே, அடித்த பந்தைத் தேடுவதற்கு மாட்டுக்காரர்களும் இருக்கிறார்கள் என்றார். ஆள் அவ்வளவு ஆசையோடு இருந்தார்.

கோல்ஃப் தடி எங்கள் கடையில் ஏது? கொழும்புக்குச் சொல்லித்தான் எடுக்க வேண்டும். அவர்கள் என் தொலைபேசிக்குப் படம் அனுப்பினார்கள். ஐயா இடக்கைக்காரர். இடக்கைத் தடியின் முகம் மற்றப் பக்கம் பார்க்கும். படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்து, "ஓம், இது என்ட கைதான்" என்று அவர் சொன்ன பிறகே அனுப்பச் சொன்னேன். இடக்கை, இடக்கை என்று தொலைபேசியிலும் திருப்பித் திருப்பிச் சொன்னேன். பெட்டி வந்தது. ஆள் உயரப் பெட்டி, உள்ளே தடிகள் நிறைந்த பை. கடைக்குள்ளேயே பிரித்தார். முதல் தடியை உருவி, நிலத்தில் ஊன்றி நின்றார். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. முகம் சுருங்கிக்கொண்டே போனது. அத்தனையும் வலக்கை.

உடனே கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். "பெட்டியைப் பிரிச்சிட்டீங்களா?" என்று கேட்டார் அங்கே இருந்தவர். பிரித்தோம் என்றேன். "பிரிக்காமல் அனுப்பியிருந்தால் மாத்தித் தந்திருப்பம்." பிரிக்காமல் பிழையான கை என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அதுக்குத்தானே படம் அனுப்பினது." படத்தில் இருந்தது இடக்கைத் தடி, வந்திருக்கிறது வலக்கைத் தடி என்று கத்தினேன். அவருக்குக் கொஞ்சமும் சூடு ஏறவில்லை. "படம் விளக்கத்துக்கு மட்டும், சேர்" என்று சொல்லி வைத்துவிட்டார். நியாயம் கேட்க முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அறிவித்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டெரன்ஸ் ஐயா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பெரிய மனிதர், கண் கலங்கிப்போய் இருந்தார். எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி வாவிக்குள் எறியலாம் போல வந்தது. இவ்வளவு நேரமும் ஓரமாக நின்ற மோனிக்கா அம்மா மெல்ல வந்தார். ஒரு தடியை எடுத்துப் பிடித்தார். கால் அகட்டி நின்று, இடுப்பைத் திருப்பி, கண்ணாடி அலுமாரிக்குக் கொஞ்சம் தள்ளி அழகாய் ஒரு வீசு வீசினார். அம்மா வலக்கைக்காரி. பையை மூடித் தூக்கி ஐயாவின் தோளில் மாட்டிவிட்டு என்னிடம் சொன்னார்:

"இவ்வளவு காலமும் இப்பிடிப் பையச் சுமந்துகொண்டு இவருக்குப் பின்னால நடந்தது நான் மனே, இனி இவர் நடக்கட்டும்."

இரண்டு இடது கால்

பூபாலப்பிள்ளை உன்னிச்சையில் வயல் செய்கிறவர். மகள் தர்ஷிகா ஓட்டக்காரி, வெறுங்காலோடு ஓடியே மாகாணப் போட்டிக்குத் தெரிவானவள். மகள் பயிற்சியில் இருந்ததால் அவளுடைய செருப்பைச் சாரத்து மடியில் சுற்றிக்கொண்டு ஆணிச் சப்பாத்து வாங்கத் தனியே வந்தார். பெட்டியில் போட்டிருந்த அளவைச் செருப்போடு ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுத்தேன். பெட்டியைத் திறக்கவில்லை. திறக்க விட்டால்தானே?

மறுநாள் மகளையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். பெட்டிக்குள் இருந்த இரண்டும் இடது கால். அடுத்த நாள் போட்டி. அந்தப் பிள்ளை அழவில்லை. வலது காலை இடதுகால் சப்பாத்துக்குள் திணித்துக் கட்டிக்கொண்டு, "பரவால்ல அப்பா, ஓடலாம்" என்றாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஒரு பெட்டியில் இரண்டும் இடது என்றால் இன்னொன்றில் இரண்டும் வலது என்று யோசிக்கப் பெரிய படிப்பா வேண்டும்? அதே அளவில் தட்டில் இருந்த மற்றப் பெட்டியை எடுத்துச் சரக்கென்று டேப்பைக் கிழித்தேன். இரண்டும் வலது. ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்து, முன்னால் வாவிக்கரைப் புல்லில் ஓடிப் பார்க்கச் சொன்னேன். ஓடினாள். சரியாக இருந்தது.

முதலாளி அறைக்குள்ளிருந்து பாய்ந்து வந்தார். "யாரைக் கேட்டுப் பிரிச்சாய்? புல்லிலயும் ஓட விட்டிருக்கிறாய்! மிச்சத்த இனி நான் யாருக்கு விக்கிறது?" என்று கத்தினார். பிரிக்காமல் விட்டிருந்தால் இரண்டு கால்களையும் ஒரே பக்கமாய் வைத்துக்கொண்டு பிறந்தவனைத்தான் நீங்கள் தேடியிருக்க வேண்டும், இப்போது மிச்சம் சரியான சோடி என்று சொன்னேன். என் வேலை அன்றோடு போனது அந்த வார்த்தையால்தான். அதற்காக நான் கவலைப்பட்டதில்லை. தர்ஷிகா மூன்றாவதாக வந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் அன்று முதலாளிக்கு உறைத்தது நான் சொன்னதல்ல. அவருக்கு அரிசி ஆலையும் உண்டு; ஊர் ஊராகப் போய் நெல் வாங்குகிறவர். பூபாலப்பிள்ளை கடையில் அவரை அப்போதுதான் முகத்துக்கு நேரே கண்டார். உற்றுப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"போன வேளாண்மை வெட்டுக்கு என்ட நெல்லுச் சாக்குல கம்பியால குத்தி எடுத்து, கடிச்சுப் பாத்து, ஈரம் எண்டு திருப்பி விட்டீங்களே முதலாளி, அந்த ஓட்டைச் சாக்க மறுகா நான் யாருக்கு வித்திருப்பன்?"

இப்போது சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பழக்கடையில் நிற்கிறேன். வருகிறவர்கள் எல்லா மாம்பழத்தையும் அமுக்கி, முகர்ந்து, ஒரு துண்டு தின்றும் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறார்கள், எனக்குக் கோபம் கோபமாய் வருகிறது.