வெள்ளைச் சட்டையும் வெளித் தாழ்ப்பாளும்

போன வியாழக்கிழமை, நானே தைத்த சட்டை ஒன்றைப் பார்த்து நானே பயந்துபோனேன்.

சட்டையில் குறை எதுவும் இல்லை. தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்காகத் தைத்த வெள்ளைச் சட்டை. மருந்து குடிக்கிற பிள்ளை, உடம்பு போடும் என்று இரண்டு பக்கமும் கொஞ்சம் துணியை உள்ளே விட்டுத் தைத்திருந்தேன். அளவு கச்சிதம். தலையில் எண்ணெய், நெற்றியில் திருநீறு, மழமழவென்று சவரம் செய்த முகம்... லயத்து வரிசை வீட்டின் இஸ்தோப்புத் திண்ணையில் பிளாஸ்டிக் கதிரை போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான் சிவா. பார்த்தால் பேங்கில் வேலை பார்க்கிறவன் மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டு லெட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, பொண்ணு பாக்கக் கெளம்பிட்டீங்களா?"

சிவாவின் அம்மா புஷ்பம் அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இன்னும் சற்று நேரத்தில் ஓர் அதிகாரி மலையேறி வரப்போகிறார். வந்து, இந்தப் பிள்ளையின் மனநோய்க்காகக் கிடைக்கும் மாதக் கொடுப்பனவைத் தொடர வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்று பார்க்கப்போகிறார். இந்தச் சட்டையைப் பார்த்தால் யார் தொடரச் சொல்வார்கள்?

முன்பெல்லாம் கிளினிக் டாக்டரின் கடிதம் இருந்தால் போதும். இப்போது முறை மாறிவிட்டது. வீட்டுக்கு வந்து, ஆளை நேரில் பார்த்து, கேள்வி கேட்டுப் பதிவார்கள். சரியான ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கால் இல்லை என்றால் வருகிறவரின் கண்ணுக்குத் தெரியும். மனசு சரியில்லை என்பது எப்படித் தெரியும்?

அந்தக் கொடுப்பனவு பெரிய காசு இல்லை. ஆனால் அது இருப்பதால்தான் புஷ்பம் அக்கா வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது கொழுந்து பறிக்கப் போகாமல் மகனோடு வீட்டில் இருக்கிறார். அது நின்றால் எல்லா நாளும் மலைக்குப் போக வேண்டும். அவர் மலைக்குப் போகிற நாளெல்லாம் சிவா எங்கே இருப்பான் என்பது எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஏன் அங்கே போனேன்?

இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்கு என் வீட்டு விஷயம் தெரியும். என் மனைவி கமலாவுக்கும் அதே கிளினிக்தான். அவரைத் தனியாக விட முடியாது என்பதால் பஜாரில் இருந்த தையல் மெஷினை வீட்டு இஸ்தோப்புக்கே கொண்டுவந்துவிட்டவன் நான். கிளினிக் நாளில் மஸ்கெலியா பஸ்ஸில் இறங்கும் பாதிப் பேர் எங்கள் ஆட்கள்தான். அங்கே காத்திருக்கும் வாங்குப் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஒருவருக்கொருவர் சொந்தமாகிவிட்டோம். முறை மாறப்போகிறது என்ற செய்தி வந்தபோது அந்த வாங்கு முழுவதும் ஒரே பயம். கடைசியில் ஒரு முடிவு எடுத்தோம். ஒரு வீட்டுக்கு அதிகாரி வருகிறார் என்றால் இன்னொரு வீட்டுக்காரர் போய்த் துணைக்கு உட்கார வேண்டும். பேசக்கூட வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும்.

பேச வேண்டாம் என்றதால்தான் நானும் கையைத் தூக்கினேன்! ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுத வந்ததே அதனால்தான்.

"அக்கா, இது எதுக்கு?" என்று சட்டையைக் காட்டி மெதுவாகக் கேட்டேன்.

"என்ன தம்பி இப்புடிக் கேக்குறீங்க? கவுர்மெண்டு ஆளு வர்றாரு. பிள்ளைய அழுக்கா உக்கார வைக்கிறதா? வளத்த லட்சணம் இதானான்னு நெனைக்க மாட்டாரா?"

எங்கள் வழக்கம் அது. பெரிய ஆள் யாராவது லயத்துக்கு வருகிறார் என்றால் முதல் நாளே சாக்கடைக் கானைக் கழுவி, ஓரமெல்லாம் சுண்ணாம்புத் தூள் போட்டுவிடுவோம். வருகிறவர் பார்க்கும்போது லயம் வெள்ளையாக இருக்கும். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார். "நல்லா இருக்கோம் சார்" என்று எல்லாரும் ஒரு சிரிப்புச் சிரிப்போம், நானும்தான். அவரும் சந்தோஷமாக இறங்கிப் போய்விடுவார். கூரை ஒழுகுவது ஒழுகிக்கொண்டேயிருக்கும்.

புஷ்பம் அக்கா மகனுக்கும் சுண்ணாம்பு போட்டிருந்தார்... அவ்வளவுதான்.

அதோடு விடவில்லை. அதிகாலையிலேயே வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, பெயர், வயது, விலாசம் எல்லாம் சொல்லிக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார். வீட்டுக்குள் பார்த்தேன். உள் அறைக் கதவின் மேல் ஒரு பழைய சேலை தொங்கியது. கதவுக்குச் சேலை எதற்கு என்று அதிகாரிக்குத் தோன்றாது. எனக்குத் தெரியும்.

அதிகாரி வந்தார். சிங்களவர், நடுத்தர வயது, தமிழ் ஓரளவு பேசினார். ஏறி வந்த மூச்சு வாங்கியது. பாவம், அன்றைக்கு அவருக்கு அது எத்தனையாவது வீடோ. தண்ணீர் குடித்துவிட்டுக் கையில் பெரிய போன் மாதிரி இருந்த டேப்பைத் திறந்தார்.

"தனியா குளிக்குதா?"

"குளிப்பேன் சார்" என்றான் சிவா. கணீரென்ற குரல்.

"சாப்பாடு தனியா சாப்பிடுதா?"

"சாப்பிடுவேன் சார்."

"நடக்குதா? கண் தெரியுதா?"

"நடப்பேன் சார். தெரியும் சார்."

ஒவ்வொரு பதிலுக்கும் அவர் விரல் ஒரு தட்டு தட்டியது. பதில் ஒன்றும் பொய் இல்லை. அவனுக்குக் கையும் உண்டு, காலும் உண்டு. ஆனால் கெட்ட நாட்களில், அம்மா அவன் தட்டிலிருந்து முதல் பிடியை எடுத்துத் தின்று காட்டினால்தான் அவன் சோற்றைத் தொடுவான் என்பதற்கு அந்த டேப்பில் எங்கே தட்டுவது?

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

"இவர் நல்லாதானே இருக்கு, அம்மா?"

புஷ்பம் அக்கா வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் வந்தது பாருங்கள், காலம் காலமாக எங்கள் வாயில் இருக்கிற பதில்:

"நல்லா இருக்கான் சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. முகம் வெளுத்துப்போனது. ஆனால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. எப்படிச் சொல்வார்? மகன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். காலையிலிருந்து கஷ்டப்பட்டு நல்லபடியாக இருந்து காட்டுகிறான். அவன் முகத்துக்கு நேரே, "இல்லை சார், இவன் நல்லா இல்லை" என்று பெற்றவள் சொல்வதா? அதுவும் லயமே இஸ்தோப்பில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது?

அதிகாரி டேப்பை மூடப் போனார்.

நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். எழுந்தது எழுந்தாயிற்று... அதிகாரியிடம் பேச நாக்கு வரவில்லை. அதனால் சிவாவின் பக்கம் திரும்பினேன்.

"சிவா... ஒனக்கு முடியாம இருக்கிற நாளப் பத்தி சார்கிட்ட சொல்லணும்பா. மாமா சொல்லட்டுமா?"

அவன் என்னை உற்றுப் பார்த்தான். அவன் அப்படிப் பார்த்தால் அடுத்து என்ன வரும் என்று சொல்ல முடியாது. எழுந்து போய்விடலாம், கத்தலாம். லெட்சுமி தன் பிள்ளையை இழுத்துப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். புஷ்பம் அக்கா கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். வேண்டாம் என்கிறாரா, சொல் என்கிறாரா... எனக்கு விளங்கவில்லை.

"சொல்லுங்க மாமா" என்றான் சிவா. "அம்மா சொல்லாது."

பிறகு எழுந்து உள்ளே போனான். கதவில் தொங்கிய சேலையை இழுத்துக் கீழே போட்டான்.

"இதையும் சொல்லுங்க."

கதவுக்கு வெளிப்பக்கம் பெரிய இரும்புத் தாழ்ப்பாள். தேய்ந்து தேய்ந்து பளபளத்தது.

அதிகாரி எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தார். உள்ளே ஒரு பாய், ஒரு போத்தல் தண்ணீர், கம்பி போட்ட சின்ன ஜன்னல்.

"இது ஏன் வெளிய இருக்கு அம்மா?"

"காலையில வேலைக்குப் பேரு பதியப் பெரட்டுக்குப் போவணும் சார்" என்றார் புஷ்பம் அக்கா. "பேரு கொடுக்கப் போற நேரம் பாத்து எறங்கிப் போயிருவான். ஒருக்கா டேம் ஓரத்துல போயி நின்னான். மழையில. யாரோ கூப்புடுறாங்கன்னு சொன்னான். அன்னையிலருந்து... நாந்தான் சார் பூட்டுறேன். பெத்தவதான் பூட்டுறேன்."

அதற்குப் பிறகு அவரை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கொழுந்து பறிக்கிற பாதியில் கங்காணியிடம் சொல்லிவிட்டு ஓடிவந்து பார்ப்பதை, அதனால் கொழுந்து குறைந்து அரை நாள் சம்பளமாக அரைப் பேர் விழுவதை, மருந்தைச் சோற்றுக்குள் வைத்தால் கண்டுபிடித்துவிடுவதை, மழைக்காலத்தில் அவன் வாரக்கணக்கில் குளிக்காமல் சுவரோடு பேசிக்கொண்டிருப்பதை... எல்லாம் சொன்னார். அழவில்லை. ஏதோ வேறு வீட்டுக் கதை சொல்வது மாதிரி சொன்னார்.

நடுவில் லெட்சுமியும் படியேறி வந்துவிட்டாள்.

"அக்கா மலைக்குப் போனா நாந்தான் சார் ஜன்னல் வழியா தேத்தண்ணி குடுக்குறது."

புஷ்பம் அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார். இத்தனை நாளும் அவர் சேலை போட்டு மறைத்தது லயத்துக்கே தெரிந்திருக்கிறது! ஒற்றைச் சுவர் வீடுகளில் எதைத்தான் மறைக்க முடியும்? தெரிந்தும் யாரும் பேசாமல் இருந்தார்கள். அதை மரியாதை என்று நினைத்திருந்தோம். அந்த மரியாதையால் யாருக்கு என்ன லாபம் என்று இப்போது யோசிக்கிறேன்.

அதிகாரி கதிரையில் திரும்ப உட்கார்ந்தார்.

"இன்னைக்கி மாதிரி மாசத்துல எத்தன நாள் இருக்கும்?"

"இன்னைக்கி மட்டுந்தான் சார். நீங்க வர்றீங்கன்னு."

அவர் டேப்பில் எதையோ அழித்துவிட்டு முதல் கேள்வியிலிருந்து திரும்பவும் ஆரம்பித்தார். இந்த முறை ஒவ்வொரு கேள்வியையும் சிவாவிடமும் கேட்டார், அம்மாவிடமும் கேட்டார். போகும்போது, முடிவு தன் கையில் இல்லை என்றும், கண்ணால் பார்த்ததை எழுதி அனுப்புவதாகவும் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் அவர் எழுதியதைப் படிக்கப்போகிறவர் இந்தத் தாழ்ப்பாளைப் பார்க்கவில்லையே.

முடிவு இன்னும் வரவில்லை. புஷ்பம் அக்கா ஒவ்வொரு நாளும் பெரட்டுக்குப் போகும்போது கிராம சேவகரின் ஆபீஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறாராம்.

இதை ஒரு வெற்றிக் கதையாக நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்று மத்தியானம் சிவா சாப்பிடவில்லை. அம்மா முதல் பிடியைத் தின்று காட்டியும் தொடவில்லை. "என்னையப் பத்தி இம்புட்டுப் பேசலாமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறான். அவனே பேசச் சொன்னதுதான். இருந்தாலும் வலிக்காதா? நல்லவனாக இருந்து காட்டினால் காசு போய்விடும், முடியாதவனாக இருந்து காட்டினால் மானம் போய்விடும் என்றால் அந்தப் பிள்ளை என்னதான் செய்வான்? மறுநாள் காலையில்தான் ரொட்டி சாப்பிட்டானாம். வெள்ளைச் சட்டையை மடித்து, கழுத்து இறுக்குகிறது என்று எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறான். பிரித்துத் தைக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்கிறீர்களா? அதிகாரி வரும்போது வீட்டைக் கூட்டுங்கள், தேத்தண்ணி கொடுங்கள். ஆனால் நோயைக் கூட்டி மூலையில் தள்ளிவிடாதீர்கள். சொல்லப் போவதை நோயாளியிடம் முதல் நாளே சொல்லிச் சம்மதம் கேளுங்கள். நான் கேட்டது கடைசி நிமிடத்தில். கொஞ்சம் முந்தியிருந்தால் அந்தப் பிள்ளை ஒரு வேளை பட்டினி கிடந்திருக்க மாட்டான்.

வருகிற புதன்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். துணைக்குப் புஷ்பம் அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். நேற்று கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாமியறையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஏங்க, அன்னைக்கி எந்தச் சேலையக் கட்டட்டும்?"

"தெனம் கட்டுறதையே கட்டிக்க."

"அப்ப நீங்களும் அந்த 'நல்லா இருக்கோம்' சிரிப்பக் கழட்டி வச்சிருங்க."