மரப்பாச்சிக்குப் பத்திய ரவிக்கை

எங்கள் வீட்டுக் கொலுவில் மேல்படியில் நிற்கும் மரப்பாச்சி ராணிக்குப் பல வருஷமாக ஒரே பட்டுத்தான். அரக்கு நிறம், கரையில் அகலமாக ஜரிகை. மைசூர்ப் பக்கத்தில் கல்யாணப் பெண்ணுக்கு ராஜா ராணி என்று இந்த மரப்பொம்மை ஜோடியைக் கொடுத்து அனுப்புவார்கள். அண்ணிக்கு அவருடைய அம்மா கொடுத்தது இது. கொலு பார்க்க வருகிறவர்கள் எந்தக் கடைப் பட்டு என்று கேட்பார்கள். கடையும் இல்லை, கிடையும் இல்லை, அது அண்ணியின் கல்யாண ரவிக்கை என்றால் நம்ப மாட்டார்கள். அதைத் தைத்தவளும் நான், வெட்டியவளும் நான்.

அப்பா ரயில்வே வேலைக்காக மைசூர் வந்தவர். அண்ணனும் அதே ரயில்வே. தொண்ணூறுகளில் நான் வாசல் அறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி கொங்கு எல்லையோரத்துக் கொள்ளேகால்காரர். என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். நாத்தனாரும் அண்ணியும் எலியும் பூனையுமாக இருப்போம் என்று எதிர்பார்த்த அக்கம்பக்கத்தாருக்கு நாங்கள் பெரிய ஏமாற்றம். இரண்டு பிள்ளை பெற்றபின், பூசினாற்போல் இருந்த அண்ணி நன்றாகவே பருத்துவிட்டார். ஜாக்கெட் தைக்கும்போது பக்கத் தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்போம். உடம்பு போட்டால் ஒரு தையலைப் பிரித்துக்கொள்ளலாம். அண்ணிக்கு நான் பிரித்துக்கொண்டே இருந்தேன். என் வாய் சும்மா இருக்குமா? "இனிமே ஜன்னல் திரையைத்தான் பிரிக்கணும் அண்ணி" என்பேன். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ரத்தப் பரிசோதனைக்குப் போய்வந்த நாளோடு அந்தச் சிரிப்பு நின்றது. அண்ணியின் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் முற்றி, ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால் அந்தக் காலின் புண்ணை மாதக்கணக்கில் கழுவிக் கட்டியவர் அண்ணி. எங்கள் டாக்டரம்மா கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "சர்க்கரை இன்னும் உள்ளே வரலை, வாசல்ல நிக்குது. மெல்ல மெல்லக் கொஞ்சம் எடை குறைச்சா திரும்பிப் போயிடும்." வாசலில் நிற்கிறது என்பது மட்டும் அண்ணி காதில் விழுந்தது. மெல்ல என்பது விழவில்லை. அண்ணியின் தம்பிக்குக் கொள்ளேகாலில் கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது. அந்தக் கல்யாணத்துக்குள் மெலிந்து, தன் கல்யாண ரவிக்கையைப் போட்டுக்கொண்டு அம்மா முன்னால் நிற்க வேண்டும் என்று அண்ணி முடிவு கட்டிவிட்டார்.

ஊரில் அப்போது புதிதாக ஒரு ஸ்லிம்மிங் சென்டர் திறந்திருந்தார்கள். இடுப்பில் வாரைக் கட்டி உலுக்கும் மிஷின், சோற்றுக்குப் பதிலாகத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற மாவு, ஒரே மாதத்தில் உடம்பு இறங்கும் என்ற உத்தரவாதம். அண்ணி எல்லோருக்கும் சமைத்துப் பரிமாறிவிட்டு அந்த மாவைக் குடிப்பார். பசித்தால் வெள்ளரிக்காய். உடம்பு இறங்கியது உண்மை. தலைமுடி கொத்தாக உதிர்ந்ததும், குழந்தைகளை ஒன்றுமில்லாததற்கெல்லாம் அடித்ததும் உண்மை. தெருவே பாராட்டியது. ஒருநாள் தன் ஜாக்கெட்டுகளை எல்லாம் என் மிஷின்மேல் கொண்டுவந்து போட்டார். "பிடிச்சுத் தெச்சுக் குடு அம்மிணி. உள்ள இருக்கற துணிய வெட்டிப்போடு. இருந்தாத்தானே மறுக்கா பிரிக்கத் தோணும்." பிடித்துத் தைக்கிறேன், வெட்ட மட்டும் மாட்டேன் என்றேன். தையல்காரிக்கு அது தொழில் தர்மம். நான் தைத்து முடித்ததும் அவரே உட்கார்ந்து வெட்டினார். தரையெல்லாம் நாடா நாடாகத் துணி கிடந்தது.

கல்யாணத்தன்று அந்த அரக்கு ரவிக்கையின் கொக்கிகள் எல்லாம் மாட்டின. அண்ணி முகத்தில் அத்தனை பெருமை. கெட்டிமேளம் கொட்டும்போது, அட்சதை பிடித்த கையோடு என் பக்கத்திலேயே சரிந்து விழுந்தார். முந்தானையைப் போர்த்தி அதற்குள் கையை விட்டுக் கொக்கிகளைப் பிய்த்தெடுத்தேன். மேளச் சத்தத்தையும் மீறி மண்டபத்தின் அந்தக் கோடியில் நாற்காலியிலிருந்து ஒரு குரல்: "என்ற புள்ளைக்கு என்னாச்சு, யாராச்சும் சொல்லுங்க." எழுந்து வர அந்த அம்மாவுக்குக் கால் இல்லை. வெறும் பட்டினி மயக்கம்தான், பிழைத்தோம்.

மாவை நிறுத்திச் சோற்றில் கை வைத்ததும் போன உடம்பு வட்டியோடு திரும்பி வந்தது. ஜாக்கெட் ஒன்றுகூடச் சேரவில்லை. பிரிக்கவும் உள்ளே துணி இல்லை. அவற்றை மடியில் போட்டுக்கொண்டு, "எங்கம்மா கதிதான் எனக்கும்" என்று அண்ணி அழுதார். டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் திட்டவில்லை. "நிதானவே ப்ரதானா" என்றார். அவசரப்படாமல் செய்வதுதான் முக்கியம் என்று மைசூர்க்காரர்கள் பஸ் தாமதமானால்கூடச் சொல்கிற வாக்கு அது. கல்யாண ரவிக்கை அளவுக்கெல்லாம் போக வேண்டாம், இப்போது இருப்பதில் கொஞ்சம் குறைந்து அங்கேயே நின்றால் போதும், காலம் முழுக்கச் செய்ய முடிகிறதை மட்டும் செய் என்றார். அண்ணி தலை நிமிர்ந்ததைப் பார்த்தேன். பாதி பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

அதன்பின் நடந்ததில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. சாயங்காலம் நாங்கள் இருவரும் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் ஊர்க்கதை பேசிக்கொண்டு நடந்தோம். தினமும் ஒரு வேளைக்குப் பிறந்த வீட்டுப் பழக்கப்படி ராகிக்களியும் கீரையும். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வழித்துச் சாப்பிடுவது நின்றது. தசராவுக்கு மைசூர்பாகு ஒரு துண்டு, குற்ற உணர்ச்சி இல்லாமல். புது ஜாக்கெட்டுகளில் உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைத்தேன். ஒரு மழைக்காலம் முழுக்கப் போய் ஒரே ஒரு தையல் பிடித்தபோது, "ஆமைக்கு அண்ணி முறை நீங்க" என்றேன். ஆமையும் ஊர் போய்ச் சேரும் என்றார் அவர்.

மறுவருஷ நவராத்திரிக்கு முன் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "வாசல்ல யாரும் இல்லையேம்மா" என்றார். வெளியே வந்ததும் அண்ணி ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதார், சிரித்தார். நானும்தான். அப்பாடா என்ற சொல்லுக்கு எனக்கு அன்றுதான் முழு அர்த்தம் தெரிந்தது.

அந்த வாரம் கொலுப்பெட்டியைத் திறந்தபோது அரக்கு ரவிக்கையும் அகப்பட்டது. கொக்கிகளை நான் திரும்பத் தைத்து வைத்திருந்தேன். அண்ணி போட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் சேராமல் நாலு விரல் இடைவெளி. நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அதைக் கழற்றி மரப்பாச்சியின் மேல் போட்டார். "யாருக்குப் பத்துதோ அவ போட்டுக்கட்டும் அம்மிணி. இவளுக்குத்தான் ஒடம்பு ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது." கத்தரியை எடுத்தேன். இந்த முறை கை தயங்கவில்லை.

அண்ணிக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. ஒரு வருஷம் ஒரு தையல் பிரிப்போம், மறுவருஷம் பிடிப்போம். சர்க்கரை இன்னும் உள்ளே வரவில்லை. இந்த நவராத்திரிக்கும் புது ஜாக்கெட்டைக் கையில் வாங்கியதும் புரட்டிப் பார்த்து, "உள்ள துணி உட்டிருக்கியா?" என்றுதான் கேட்டார். "உங்க மருமகளுக்கும் சேர்த்து விட்டிருக்கேன்" என்றேன். பட்டுக் கட்டிய ராணியை வாங்கிக்கொண்டார். மேல்படி எட்டவில்லை. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, அண்ணி அதன்மேல் ஏறினார், இரண்டு காலையும் ஊன்றி.