சாட்டை நுனி

கல்யாணமான புதிதில் என் கணவர் மலைமேல் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் சூரியனைப் படம் பிடிக்கும் வேலையில் இருந்தார். நான் ஆமத்தூரில் மாமியார் வீட்டில் இருந்தேன். பங்குனிப் பொங்கலுக்கு லீவில் வந்தவர், களத்தில் காயப்போட்ட மிளகாய் வத்தலைக் கிண்டிக்கொண்டிருந்த என்னிடம், சூரியனின் மேற்பரப்பைவிட அதைச் சுற்றியிருக்கும் வெளிமண்டலம் பல மடங்கு சூடு என்றார்.

"அடுப்ப விட்டுத் தள்ளிப் போகப் போக சூடு கூடுமாக்கும்? யார்ட்ட கதை விடுதீக?" என்று எரிந்து விழுந்தேன். அந்த வீட்டில் நான் கோபப்பட முடிந்த ஒரே ஆள் அவர்தான்.

விருதுநகருக்கு லோடு ஏற்ற வந்த வண்டிக்காரரிடம் சாட்டையை வாங்கினார். மணிக்கட்டை லேசாகத்தான் அசைத்தார். நுனி படீரென்றது.

"சூரியன் கொதிக்கிற கொதி அலையா மேல ஏறுது. மேல போகப் போக வாயு இந்தச் சாட்டை நுனியாட்டம் மெலிசு, அதனால அலை பெருசாகி, இந்த மாதிரி வெடிச்சுச் சூடாகுதுன்னு நினைக்கோம். நிச்சயமா யாருக்கும் தெரியாது."

"தெரியாத ஒண்ணுக்காகவா என்னைய இங்கன விட்டுட்டு அங்கன இருக்கீக?"

அவர் சாட்டையைச் சுருட்டி வண்டிக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்.

லீவு முடிந்து ரயிலேறியபோது, பெரியவர்கள் நின்றதால், ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்களை மட்டும் கொஞ்சம் அசைத்தார். நானும் சும்மா தலையாட்டினேன். மாட்டுவண்டியில் ஊர் திரும்பினோம். பாதி வழியில் வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்கினார். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

"என்ன தாயி, சாட்டைச் சத்தத்துக்கா பயந்துட்ட?" என்றார் மாமியார்.

"ஆமா அத்தை" என்றேன்.