நாயக்கர் காலத்து ஒயின்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ராஜபாளையத்தில் கூலிக்குத் தறி ஓட்டத் தொடங்கி, பிறகு சொந்தக் கொட்டகை போட்டு, பேண்டேஜ் துணி நெய்து வெளிமாநிலங்களுக்கு லாரி ஏற்றியவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்தவன் சொன்னான் என்பதற்காக எதையும் நான் வாய் பிளந்து கேட்டதில்லை.

கிறிஸ்துமஸ் என்றால் எங்கள் தெருவில் என் ஒயின்தான். கம்பத்திலிருந்து பன்னீர் திராட்சை கூடை கூடையாக வரும். சீனி, கோதுமை, பட்டை, கிராம்பு, ஏலம், கொஞ்சம் சாதிக்காய். எல்லாவற்றையும் பீங்கான் ஜாடியில் போட்டு, என் தறித் துணியாலேயே வாய் கட்டி வைப்பேன். வடித்த பிறகு சீனியைக் கருக்கிக் கலந்து நிறம் ஏற்றுவேன். தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு "பாகுந்தி" என்பார், நன்றாக இருக்கிறது என்று. ஒயினைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல் எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை.

என் மனைவியின் தம்பி வந்து அதைக் கெடுத்தான். சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, எண்பதுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டராகச் சேர்ந்தவன். கிறிஸ்துமஸ் மத்தியானம் விருந்துக்கு வந்தான். டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மோந்தான். வாய்க்குள் அலசினான். பல் விளக்குகிறானோ என்று நினைத்தேன்.

"அத்தான், இது நாயக்கர் காலத்து ஒயின்" என்றான்.

"நாயக்கர் எங்கலே வந்தாரு? போட்டது நான்லா."

"ஆளச் சொல்லல அத்தான், பாணியச் சொல்றேன். நாயக்கர் காலத்துச் சிற்பத்துல ஒரு விரக்கடை இடம் சும்மா கெடக்காது. நகை, மணி, யாளி, கிளின்னு அடைச்சிருப்பாங்க. உங்க ஒயினும் அப்படித்தான். பட்டையும் கிராம்பும் ஒரே நெரிசல், திராட்சைய எங்கன்னு தேட வேண்டியிருக்கு. வெள்ளக்காரன் இத பரோக்னு சொல்லுவான்."

விருந்துக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அதுதான் தைத்தது.

அடுத்த வருடம் அவனே ஒயின் போட்டுக் கொண்டு வந்தான். சீனி குறைவு, மசாலா அறவே இல்லை. "இது பல்லவர் காலம் அத்தான். ஒரு பாறை, நாலு கோடு. அம்புட்டுதான் அழகு" என்று நீட்டினான். குடித்தேன், பல் கூசியது. பல்லவனாவது கல்லைச் செதுக்கினான். இவன் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அதை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "ருசிக்கும் ஒரு பயிற்சி வேணும் அத்தான்" என்றான். என் வீட்டில் உட்கார்ந்து, என் கறியைத் தின்றுகொண்டு!

அதன் பிறகு தெருவே அவன் வாயைப் பார்த்தது. ஒரு வீட்டு ஒயின் சோழர் காலம், அளவாக இருக்கிறதாம். பாதிரியார் வீட்டு ஒயின் இம்ப்ரெஷனிசம், நிறம் இருக்கிறது, உருவம் இல்லையாம். நேற்றுவரை குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தவர்கள், இவன் என்ன பெயர் வைப்பானோ என்று டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

நாயக்கர் காலம் என்றால் என்னதான் என்று பார்க்க, ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் மண்டபத்துக்குப் போனேன். நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன், செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றேன். ஒற்றைக் கல்லில் விரல் நகம், கொலுசு, முறுக்கிய மீசை. கெண்டைக்கால் நரம்புகூடத் தெரிகிறது. இதைக் குறை என்று சொல்ல ஒருவனுக்குக் கல்லூரிப் படிப்பு வேண்டியிருக்கிறது! அன்றிலிருந்து "நம்மது நாயக்கர் காலத்து ஒயின்" என்று நானே ஊரெல்லாம் சொன்னேன். வைத பெயரையே நான் தலையில் சூடிக்கொண்டது அவனுக்குப் பொறுக்கவில்லை.

தொண்ணூறுகளில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சம்பந்தி வீடு தூத்துக்குடி. வரவேற்பில் கேக் வெட்டி, வந்தவர்கள் கையில் சின்ன கிளாஸில் ஒயின் கொடுப்பது எங்கள் பழக்கம். பெற்றவன் வீட்டு ஒயின் இருக்க, வேறு பேச்சே எழக்கூடாது. எழுந்தது.

"மாமா ஒயின் டீசண்டா இருக்கும்ப்பா. தூத்துக்குடியில அவங்க வீட்ல எல்லாரும் படிச்சவங்க" என்றாள் மகள்.

"படிச்சவனுக்கு நாக்கு தனியா முளைச்சிருக்கோ?"

மச்சினன் பக்கத்தில்தான் இருந்தான். "சரி அத்தான், தாய்மாமன் சீரா ஒயினக் கொண்டு வாரேன். சபையில வச்சு வேண்டாம்னு சொல்லிருவீயளா?" என்றான்.

கெட்டிக்காரப் பயல். சீரைத் தட்டினால் என் மனைவியின் பிறந்த வீட்டையே தட்டியதாகும். அவள் அரிவாள்மனையை விட்டு எழுந்தாள். "எந் தம்பி சீர வேண்டாம்னா, பந்தல்ல நான் நிக்க மாட்டேன். நீங்களும் உங்க ஜாடியும் நின்னுக்கோங்க."

மகள் கல்யாணத்தில் மனைவி இல்லாமல் நிற்பதா, அவன் புளிப்பை என் பந்தலில் ஊற்றுவதா? யாரிடமும் சொல்லாமல் என் ஜாடிகளையும் நிரப்பி வாய் கட்டி வைத்தேன்.

சீர் மேளத்தோடு வந்தது. பட்டு, பழம், பித்தளைக் குடம், நடுத் தட்டில் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் அவன் கையால் வரைந்த பாறைக் கோயில் படம். நான் எதிரே போய்ச் சந்தனம் கொடுத்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கினேன். மனைவியின் முகம் மலர்ந்தது. பிறகு சபைக்கே கேட்கும்படி சொன்னேன்:

"தாய்மாமன் சீரு பொண்ணுக்கு உள்ளது. பொண்ணோட அவ வீட்டுக்குத்தான் போகணும், நாம கை வைக்கப்படாது. குடத்தோட சேத்துப் பாட்டிலயும் வேன்ல ஏத்துங்கப்பா."

"அத்தான், அது இங்க ஊத்தக் கொண்டாந்தது" என்றான் மச்சினன்.

"பொண்ணு சீர ஊத்திக் குடிக்கிற குடும்பமா மாப்ள நாம? அப்ப அந்தப் பட்டுச்சேலைய நான் கட்டிக்கிடவா?"

சபை சிரித்தது. சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், "முறை அதுதானே" என்றார். பாட்டில்கள் வேனில் ஏறின.

கிளாஸ்களில் என் ஒயின் வந்தது. சம்பந்தி இரண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கினார். மகள் உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைத்தாள். மச்சினன் கிளாஸைத் தொடவே இல்லை. சாப்பிடாமல் வாசலைப் பார்த்து நடந்தான். தாய்மாமன் வயிறு காய்ந்து போனால் ஆகாது என்று பெண்கள் பதறினார்கள். மனைவி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்து இலைமுன் உட்கார வைத்தாள். சொன்ன சொல் தவறாமல் பந்தலில்தான் நின்றாள், பந்தி முடியும்வரை அவன் இலைக்குப் பக்கத்தில்.

ஜெயித்தது நான்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

தலைக் கிறிஸ்துமஸுக்கு மகளும் மருமகனும் வந்தார்கள். "மாமா, அந்தப் பாட்டில நாங்க தெறந்தோம்ல..." என்று மருமகன் ஆரம்பித்தார். மகள் அவர் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன். திறந்து என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை. அவர் கிளாஸை விளிம்புவரை நிறைத்து, "குடிங்க" என்றேன்.