தலை தொங்கிய மூன்று கோழிகள்

என் தங்கையை ஊரே ‘சொட்டக்கா’ என்றுதான் கூப்பிடுகிறது. கோழியின் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விடுவது அவள் வேலை. அந்தப் பெயரை முதலில் வைத்தவன் நான்தான், அதுவும் கிண்டலுக்கு. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிப் பிழைக்கிற எனக்கு வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

எங்கள் பக்கம் வருடா வருடம் வெயில் ஏறும்போது வெள்ளைக் கழிச்சல் நோய் வரும். கோழிகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். மூன்றே நாளில் கூடு காலி. வயல் இல்லாத வீடுகளுக்குக் கோழிதான் கையிருப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடுவோம். முட்டை விற்பதற்கு, தின்பதற்கு இல்லை. மாதம் ஒருமுறை எடை பார்க்க வரும் நர்ஸம்மா என் மகளின் எடை அட்டையில் கோட்டுக்குக் கீழே புள்ளி வைத்துவிட்டு, “தினம் ஒரு முட்டை குடுங்க” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோழியே செத்துப் போகிற ஊரில் முட்டைக்கு எங்கே போவது?

தங்கையின் புருஷன் வெளியூரில் கல் உடைக்கிறார். அவர் அனுப்பினால் உண்டு, இல்லாவிட்டால் அவளுடைய பதினாறு கோழிகள்தான் அவள் குடும்பத்துக்கு ஆதாரம். அவள் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஐந்து நாள் நடையாய் நடந்து, கழிச்சல் வராமல் தடுக்கும் சொட்டு விடக் கற்றுக்கொண்டாள். கழிச்சல் காலத்துக்கு இரண்டு மாதம் முன்னால், ஈரத்துணி சுற்றிய மருந்துப் புட்டியைத் தூக்குவாளியில் வைத்துக்கொண்டு வந்து, தண்ணீர்க் குழாயடியில் எல்லோரிடமும் சொன்னாள்: “நான் சொட்டு விட்ட கோழி செத்துச்சுன்னா, என் கோழியில ஒண்ணு எடுத்துக்குங்க.”

“உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?” என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“சொல்லிட்டேன்ணே. விடு.”

அப்புறம் நாங்கள் செய்ததைக் கேளுங்கள். யாரும் யாரிடமும் கலந்து பேசவில்லை, ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே யோசனை. பழக்கமில்லாத மருந்தை நல்ல கோழியின் கண்ணில் யார் விடச் சொல்வார்கள்? எப்படியும் சாகப் போகிறதை நீட்டினால் போயிற்று. நல்ல கோழிகளைக் கூடை போட்டுக் கவிழ்த்தோம். நான் என் ஒன்பதைக் கட்டிலுக்கடியில் அடைத்துவிட்டு, சீக்கில் கிடந்த மூன்றைக் கொடுத்தேன். கூடப் பிறந்தவன் நான்.

விடியுமுன்னே வந்தாள். ஒவ்வொன்றாகத் தூக்கி, தலையைச் சாய்த்து, ஒரு சொட்டு விட்டு, கண்ணை இமைக்கும்வரை பொறுத்திருந்து இறக்கிவிட்டாள். என் கோழிகளை மட்டும் சற்று அதிக நேரம் கையில் வைத்திருந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். அடுத்த வீட்டுக்குக் கிளம்பினாள்.

நாலைந்து நாளில் நாங்கள் நீட்டிய கோழிகள் எல்லாம் செத்தன. ஊர் அவள் வாசலில் கூடியது. அவள் வாதாடவில்லை, அழவில்லை. கூட்டைத் திறந்து, கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். நானும் வெட்கமில்லாமல் போய் நின்று மூன்று வாங்கி வந்தேன். கடைசியில் அவளிடம் ஒரே ஒரு கோழி மிச்சம். அது அடைகாத்துக்கொண்டிருந்ததால் அதைக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

மறுவாரம் மறுபடி தூக்குவாளியோடு வந்தாள். “இப்ப கூடைக்குள்ள இருக்கறதக் கொண்டாங்க.”

அவளுடைய கோழிகள் எங்கள் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தபோது எந்த முகத்தோடு மாட்டேன் என்பது? ஒவ்வொரு வீட்டிலும் கூடை நிமிர்ந்தது. நான் கட்டிலுக்கடியில் குனிந்தேன்.

வெயிலும் வந்தது, கழிச்சலும் வந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊரில் செத்த கோழிகளைக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள் என்று பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் சொன்னார்கள். அடுத்து எங்கள் முறை என்று காலையும் மாலையும் கோழிகளை எண்ணினேன். ஒரு நாள் விடியற்காலையில் கடையைத் திறந்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வாய்க்காலுக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் தெருக்கோடியில் ஒரு சேவல் கூவியது. பக்கத்து வீட்டில் இன்னொன்று. பிறகு வீடு வீடாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு! கையிலிருந்த பம்பை அப்படியே போட்டுவிட்டு வாயைப் பிளந்து நின்றேன்.

கழிச்சல் போன பிறகு என் வீட்டில் விற்றது போகவும் முட்டை மிஞ்சியது. அடுத்த மாதமே மகளின் புள்ளி கோட்டைத் தாண்டியது. நர்ஸம்மா அட்டையை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். அன்று சாயங்காலமே தங்கையின் மூன்று கோழிகளையும் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

“தங்கச்சி, நான் அன்னிக்குக் குடுத்த மூணும் சீக்குக்கோழி.”

“தெரியும்ணே. தூக்கினதுமே தெரிஞ்சுது. எல்லா வீட்லயும் அப்படித்தான் குடுத்தாங்க.”

“தெரிஞ்சுமா உன் கோழியெல்லாம் தூக்கிக் குடுத்த?”

“சீக்குன்னு சொல்லியிருந்தா ஊரையே பொய்யங்கன்னு சொன்ன மாதிரி ஆயிருக்கும். அப்புறம் எவன் நல்ல கோழிய வெளிய விடுவான்?” என்றவள், பக்கத்திலிருந்த தூக்குவாளியைத் திறந்தாள். “நாலு மாசம் ஆச்சு. அதுகளுக்கு அடுத்த சொட்டு விடணும். புடி.”

நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொன்றின் தலையையும் சாய்த்து, சொட்டு விட்டு, இமைக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு மூன்றையும் என் கையிலேயே திணித்தாள்.

“கொண்டு போ. புள்ள முட்டைய நிறுத்திராத.”

அவளுடைய கூட்டில் அந்த ஒரு தாய்க்கோழியும் வளர்ந்துவரும் ஆறு குஞ்சுகளும்தான் இருந்தன. நான் மூன்றையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.