தம்பியின் பட்டாளத்துப் பை

பர்மா சண்டையில் செத்துப்போன என் தம்பியின் முதுகுப்பை இன்று காலை எங்கள் ஊர் கோம்பைக்குத் தபாலில் வந்தது.

அதைப் பார்த்ததும் அய்யா செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பை முழுக்கச் சேறு காய்ந்து கிடந்தது. தம்பிக்கு அழுக்கே ஆகாது. வாய்க்காலுக்குக் கொண்டுபோய் உதறி, தேங்காய் நாரால் தேய்த்து, தையல் இடுக்கெல்லாம் விரல் விட்டு அலசி, வேலியில் காயப்போட்டேன்.

அய்யா ஒரு செம்புப் பாலோடு திரும்பி வந்தார். பையைத் தடவிப் பார்த்தார்.

"ஏலே, இதுல இருந்த மண்ணு எங்க?"

"தண்ணியோட போச்சுய்யா."

"அவனப் பொதச்ச எடந்தான் தெரியல. அந்த ஊரு மண்ணுக்காச்சும் பால் ஊத்தலாம்னு வந்தேன்."

பை இப்போது புதிதுபோல் இருக்கிறது. நண்பர்களே, இத்தனை சுத்தமாகத் துவைத்தவன் உங்களில் வேறு எவனாவது உண்டா?